உமாபதி காவல் காத்த துவர்ப்பு

ராணிப்பேட்டை உமாபதிக்கு நாக்குதான் சொத்து. பேசுகிற நாக்கைச் சொல்லவில்லை. பேச்சு விஷயத்தில் அவர் பரம தரித்திரர். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று மூன்று தரம் கேட்டால் ஒரு தரம் தலையை ஆட்டுவார். அது எந்தப் பக்கம் ஆடிற்று என்பதைக் கேட்டவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். சொத்து என்றது ருசி பார்க்கிற நாக்கை.

தோல் பதனிடும் ஊரில் பிறந்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறுகிற குழிகளின் ஓரம்தான் அவர் பள்ளிக்கூடம் போன வழி. தோல் ஷாப்பு மேஸ்திரிகள் குழியிலிருக்கும் பட்டைத்தண்ணீரைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கு நுனியில் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள். பிறகு தூவென்று துப்பிவிட்டு, "சாறு இறங்கிப்போச்சு, இன்னும் பட்டை போடு" என்பார்கள். நாக்கு எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்தே சாறு எவ்வளவு பலம் என்று சொல்லிவிடுவார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளையான உமாபதிக்கு இதைவிட அதிசயமான வித்தை உலகத்தில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை. உறவுக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்க, அவர் வேதியியல் படித்தார். சென்னையில் தோல் ஆராய்ச்சியில் சேர்ந்தார். துவர்ப்பைப் பற்றியே எழுதி டாக்டர் பட்டமும் வாங்கினார். துவர்ப்பைப் பற்றி ஒரு மனிதன் அத்தனை பக்கம் எழுத முடியும் என்பது அந்த உறவுக்காரர்களுக்குக் கடைசிவரை நம்பிக்கைப்படாத சங்கதியாகவே இருந்தது.

அந்தப் பட்டம்தான் அவரை 1962-ல் ஜெர்மனிக்குக் கொண்டுவந்தது. ஸ்டுட்கார்ட்டை ஒட்டி ஒரு தோல் தொழிற்சாலை. அதன் ஆய்வுக்கூடத்தில் வேலை. சாற்றின் பலத்தை அளக்க அங்கே பளபளவென்று கருவிகள் இருந்தன. உமாபதி கருவியையும் பார்ப்பார், சுண்டுவிரலையும் நனைப்பார். கூட இருந்த ஜெர்மானியர்கள் முதல் மாதம் முகம் சுளித்தார்கள், இரண்டாம் மாதம் சிரித்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். நாக்கு சொன்னதும் கருவி சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாட்களில் அவர் கருவியையே நம்பினார். அப்படி ஒரு சாது.

புறப்படும்போது மனைவி நாகலட்சுமி அவரிடம் இரண்டு சத்தியம் வாங்கியிருந்தாள். கையில் அடித்து வாங்கிய சத்தியம். ஒன்று, குடிக்கக்கூடாது. மதுவிலக்கு இருந்த மாநிலத்தில் வளர்ந்தவளுக்கு, கடையில் பகிரங்கமாகச் சாராயம் விற்கிற தேசம் என்பதே குலைநடுங்க வைக்கிற சமாசாரமாக இருந்தது. இரண்டு, இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். இரண்டாவது சத்தியம் சீக்கிரமே காற்றோடு போயிற்று. அவர் திரும்பிப் போவதற்குப் பதிலாக அவளையே வரவழைத்துக்கொண்டார். அதனால் முதல் சத்தியத்தை உமாபதி இரட்டைப் பங்கு ஜாக்கிரதையோடு காப்பாற்றி வந்தார்.

எர்னெஸ்டோவை அவர் சந்தித்தது நாகலட்சுமி வருவதற்கு முன்னால், தொழிற்சாலைத் தொட்டிகளின் பக்கத்தில். எர்னெஸ்டோ இத்தாலியின் வடக்கே மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர். தொட்டியில் தோலைப் புரட்டிப் போடுவது வேலை. ஒருநாள் உமாபதி சாற்றைத் தொட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, துப்பியதைப் பார்த்து எர்னெஸ்டோ தம் கையிலிருந்த கோலைக் கீழே போட்டுவிட்டார்.

"எங்கள் ஊரில் ஒயினை இப்படித்தான் பார்ப்பார்கள்!" என்று தம் ஓட்டை ஜெர்மனில் கத்தினார். "வாயில் வைப்பது, யோசிப்பது, துப்புவது. டாக்டர், நீங்கள் எந்த மலைக்காரர்?"

ராணிப்பேட்டையில் சொல்லிக்கொள்கிற மாதிரி மலை ஏதும் இல்லை என்று உமாபதி சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட உரையாடல். அன்றிலிருந்து இருவரும் மதியச் சாப்பாட்டைச் சேர்ந்தே சாப்பிட்டார்கள். ஒருவர் பேசுவார், இன்னொருவர் தலையாட்டுவார்.

சில மாதங்கள் கழித்து எர்னெஸ்டோ ஒரு மரப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு உமாபதி குடியிருந்த வீட்டுக்கே வந்து நின்றார். பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில் ஒரு டஜன் பாட்டில்கள். பரோலோ என்று சொல்கிற சிவப்பு ஒயின். அவர் ஊர்ப் பக்கத்தில் நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து எடுப்பது. 1958-ம் வருஷத்து அறுவடை. அந்த வருஷம் அவருடைய மனைவி தெரேசா, மூன்று வயது லூச்சியாவை வரப்பில் உட்காரவைத்துவிட்டு, தன் அண்ணன் தோட்டத்தில் குலைகுலையாகப் பறித்துக் கூடையில் போட்ட பழம். அந்தக் குளிர்காலத்திலேயே காய்ச்சல் வந்து தெரேசா போய்விட்டாள். தங்கையின் பங்கென்று அண்ணன் எடுத்துக் கொடுத்த ஒயின்தான் இது. லூச்சியா ஊரில் அத்தை வீட்டில் வளர்கிறாள். அவள் கல்யாணத்தன்று இதைத் திறக்க வேண்டும்.

"தெரேசாவின் கை பட்டது இது ஒன்றுதான் மிச்சம்," என்றார் எர்னெஸ்டோ. "என் விடுதியில் ஓர் அறைக்கு ஆறு கட்டில். ராப்பகலாகச் சூடு போட்டு வைக்கிறார்கள். சூடு விட்டு வைத்தாலும் பசங்கள் விட்டுவைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுக்குக் கீழே மலையைக் குடைந்து கட்டிய நிலவறை இருக்கிறது. அதைவிட, நான் பார்த்த மனிதர்களில் குடிக்காதவர் நீங்கள் ஒருவர்தான்."

குடிக்காதவன் என்ற ஒரே தகுதிக்காக ஒயினுக்குக் காவல்காரன் ஆனவர் ஜெர்மனியிலேயே உமாபதி ஒருவராகத்தான் இருப்பார். ஆனால் எர்னெஸ்டோவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபின் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சரி என்றார்.

எதைக் காக்கிறோம் என்று காவல்காரனுக்குத் தெரிய வேண்டுமல்லவா? எர்னெஸ்டோ ஒரு பாட்டிலை அப்போதே திறந்தார். உமாபதி தம் சத்தியத்தைச் சொன்னார். விழுங்க வேண்டாம், தொட்டியில் செய்வதைத்தான் செய்யச் சொல்கிறேன் என்றார் எர்னெஸ்டோ. தொட்டுத் துப்புவது குடிப்பதாகாது என்று உமாபதிக்கும் நியாயமாகப் பட்டது. ஒரு வாய் வாங்கினார்.

அடேயப்பா! ஈறு முழுவதும் ஒட்டிக்கொண்டது. கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. கொட்டைப்பாக்கையும் மாதுளைத் தோலையும் சேர்த்துக் கடித்த மாதிரி ஒரு துவர்ப்பு. கழுவுத்தொட்டியில் துப்பிவிட்டு, நாக்கு பழைய இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, "இதில் ஆட்டுத்தோலை ஊறப்போட்டால் செருப்பே தைக்கலாம்," என்றார்.

எர்னெஸ்டோ தொடையில் தட்டிச் சிரித்தார். "காத்திருங்கள். இது மாறும்."

"துவர்ப்பு எங்கே போகும்? பாட்டில்தான் மூடியிருக்கிறதே."

"எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது, டாக்டர். நான் படித்தவன் இல்லை. ஆனால் மாறும்."

துவர்ப்பிலேயே பட்டம் வாங்கியவருக்கு அது பொறுக்கவில்லை. ஆனால் வாதாடுவதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டார். பாட்டில்கள் நிலவறையின் கோடியில் படுக்கைவசமாகக் குடியேறின. இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும், கார்க் நனைந்தே இருக்க வேண்டும், யாரும் அசைக்கக்கூடாது. இந்த நாலு விதிகளை எர்னெஸ்டோ சொல்ல, உமாபதி தலையாட்டினார்.

நாகலட்சுமி வந்தாள். கூடவே உப்பு, மிளகாய்ப்பொடி, பீங்கான் ஜாடிகள், ஒரு சின்ன அம்மி எல்லாம் வந்தன. நிலவறையில் வீட்டுக்காரியின் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்துப் பலகையில் அவளுடைய உப்பு எலுமிச்சை ஜாடிகள் உட்கார்ந்தன. கோடியில் சாராயம் இருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் ஒரு பாட்டம் அழுதாள். யாருடையது, எதற்கு என்று தெரிந்ததும் இன்னொரு பாட்டம் அழுதாள். பிறகு அந்தப் பக்கம் போவதில்லை.

1967-ல் எர்னெஸ்டோ, அது எப்படித்தான் இருக்கிறது பார்ப்போமே என்று ஒரு பாட்டிலைத் திறந்தார். நாகலட்சுமி எனாமல் பேசின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கணவரின் மோவாய்க்கு நேரே வந்து நின்றாள்.

"என்ன லட்சுமி இது?"

"நீங்க துப்புறத நான் கண்ணால பாக்கணும்."

அவர் வாங்கினார், கண்ணை மூடினார், துப்பினார். அவள் பேசினைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியானாள். துவர்ப்பு இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் துப்பிய பிறகு, தொண்டைக்கு மேலே எங்கோ, ஒரு வாசனை வந்து நின்றுவிட்டுப் போயிற்று. என்னவென்று பிடிபடவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு முறை வேலையை நிறுத்திவிட்டு அதைத் தேடினார். கிடைக்கவில்லை.

அடுத்தது 1971. பள்ளிப்படிப்பு முடிந்து லூச்சியா அப்பாவிடம் வந்து சேர்ந்து, ஸ்டுட்கார்ட்டில் ஒரு முடிதிருத்தும் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அன்று பாட்டிலைத் திறந்ததும் உமாபதி வாயில் வைப்பதற்கு முன்பே, பேசினோடு நின்றிருந்த நாகலட்சுமி மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, மவுண்ட் ரோட்ல தார் போடுறாங்க," என்றாள்.

"என்னது?"

"சத்தியமா. புதுசா தார் ரோடு போட்டுட்டு இருக்காங்க, அந்த ஓரமா ஒரு ஆள் கூடை நிறைய ரோஜா எடுத்துட்டுப் போறான். கோயிலுக்குப் போற ரோஜா. கொஞ்சம் வாடிப்போயிருக்கு."

உமாபதி முகர்ந்தார். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு வருஷமாகத் தேடிய வாசனை! வாயில் வைத்தபோது துவர்ப்பு இருந்தது. ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தது. துப்பினார். துப்பியதும் உள்ளுக்குள் லேசாக வலித்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எப்போதுதான் சொன்னார்?

பாட்டிலின் அடியில் கருஞ்சிவப்பாக வண்டல் தங்கியிருப்பதை எர்னெஸ்டோ மெழுகுவத்தி வெளிச்சத்தில் காட்டினார். அதைப் பார்த்ததும் டாக்டர் உமாபதிக்குக் கதவு திறந்த மாதிரி இருந்தது. துவர்ப்பும் நிறமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, கூடிக் கூடிப் பருத்து, கனம் தாங்காமல் கீழே உட்கார்ந்துகொள்கின்றன. வித்தைக்காரன் யாரும் இல்லை. இருட்டும் பொறுமையும்தான் வேலை செய்திருக்கின்றன. வாழ்நாளெல்லாம் அவர் தோலுக்குள் அவசர அவசரமாக ஏற்றிக்கொண்டிருந்த அதே துவர்ப்பு, தனியாக விட்டால் இவ்வளவும் செய்யுமா! அன்றைக்கு அவர் ஒரு மாணவனைப் போல அந்த வண்டலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வியப்பை அவர் மனைவியிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டலைக் கலக்கக்கூடாது என்று ஒரே ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

1976-ல் லூச்சியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஸ்டுட்கார்ட் டிராம் ஓட்டுநர். நல்ல பையன், எர்னெஸ்டோவைவிட ஒரு சாண் உயரம். சனிக்கிழமை கல்யாணம். அந்தத் திங்கட்கிழமை மாலை எர்னெஸ்டோ நிலவறைக்கு வந்து, ஒன்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார். பதினெட்டு வயது ஒயின். தெரேசாவும் போய்ப் பதினெட்டு வருஷம்.

ஊற்றினார். கண்ணாடிக் கோப்பையில் விழுந்தது ஒயின் அல்ல; மழைக்காலத்து ஏரித்தண்ணீர். மண்டியும் துகளுமாக, கலங்கலாக, வெளிச்சமே புகாத ஒரு சிவப்பு. உமாபதி வாயில் வைத்தார். நறநறவென்று கசந்தது. துப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது எர்னெஸ்டோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னங்க, நல்லாயில்லையா?" என்றாள் பேசினோடு நின்ற நாகலட்சுமி. "காலையிலகூட நல்லாக் குலுக்கி வச்சேனே!"



"குலுக்கினியா?" என்றார் உமாபதி.

"பின்ன? தினமும்தான் குலுக்குறேன். அன்னிக்கு அந்த வாசனை வந்துச்சே, அதுலேருந்து. இவ்ளோ நல்ல சரக்கு, அடியில மண்டி கட்டிப்போய்க் கிடக்கு, பாக்க ஆளில்ல. ஊறுகா ஜாடியத் தினம் குலுக்கலேன்னா பூஞ்சை புடிச்சிடும்ல? இதுவும் ஊறுறதுதானே? என் ஜாடியக் குலுக்கிட்டு, கையோட இதையும் ஒவ்வொண்ணா எடுத்துக் குலுக்கி, திரும்பப் படுக்க வச்சிடுவேன். தாயில்லாப் பொண்ணு கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கு, நாம பாத்துக்க வேணாமா?"

ஐந்து வருஷம். ஒரு நாள் தவறாமல். அவள் முகத்தில் ஊரைக் கூட்டிச் சொல்லத்தக்க பெருமை இருந்தது. கணவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. பேசின் அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது.

எர்னெஸ்டோவுக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

மழுப்ப ஒரு கணம் போதும். கெட்டுப்போயிற்று, வருஷம் கூடிவிட்டது என்று சொல்லலாம். அந்த ஏழை மனிதர் நம்பிக்கொள்வார். உமாபதி மனைவியைப் பார்த்தார். அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. ஊறுகாய் ஜாடி என்றால் என்ன, அதை எங்கள் வீடுகளில் ஏன் குலுக்குவார்கள், குலுக்காதவளை ஏன் சோம்பேறி என்பார்கள், இவள் எந்த எண்ணத்தில் செய்தாள் எல்லாம் சொன்னார். வண்டலைப் பற்றித் தமக்குத் தெரியும் என்றும், தெரிந்தும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாதது தம் குற்றம் என்றும் சொன்னார்.

எர்னெஸ்டோ படியில் உட்கார்ந்துவிட்டார். "கடையில் வேறு ஒயின் வாங்கிக்கொள்ளலாம்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் தாங்க முடியவில்லை. நாகலட்சுமி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு மேலே ஓடிப்போனாள்.

உமாபதி மட்டும் பாட்டில்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மூளை வேலை செய்தது. குலுங்கியது குலுங்கியதுதான். ஆனால் கார்க்கைத் திறக்கவில்லை. காற்று உள்ளே போகவில்லை. பிரிந்து கீழே உட்கார்ந்தது மேலே கிளம்பியதே தவிர, மறுபடி துவர்ப்பாகக் கரைந்துவிட முடியாது. முடியாதுதானே? அவருக்கே நிச்சயமில்லை. சொல்லக் கருவியும் இல்லை.

"இன்னும் முடியவில்லை," என்றார். "நிமிர்த்தி வைப்போம். சனிக்கிழமை வரை யாரும் மூச்சுகூட விட வேண்டாம்."

அந்த வாரம் அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நாகலட்சுமி நிலவறைப் படியில் கால் வைக்கவில்லை. ஆகவே உருளைக்கிழங்கு இல்லை, ஊறுகாய் இல்லை. அம்மியில் அரைத்தால் தரை அதிரும் என்று சட்னியை நிறுத்தினாள். தோசைக்கல்லைக்கூடப் பூப்போல வைத்து எடுத்தாள். கதவை அறைந்து சாத்துகிற வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அந்த அம்மாளும் விஷயம் புரியாமலே செருப்பைக் கழற்றிவிட்டு நடமாடத் தொடங்கினாள். தெருக்கோடியில் டிராம் திரும்பும்போதெல்லாம் நாகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். சாராயத்துக்காக முருகனை வேண்டிக்கொண்டவள் என்று யாராவது கேலி செய்திருந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா எனக்குச் சாபம் குடுக்க மாட்டாங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"மாட்டாங்க," என்றார் உமாபதி. கொஞ்சம் பொறுத்து, "உன் மேல தப்பில்ல லட்சுமி. நான்தான் பேசியிருக்கணும்," என்றார்.

சனிக்கிழமை காலை, மாதா கோயிலுக்குப் போகுமுன், மூவரும் நிலவறையில் இறங்கினார்கள். எர்னெஸ்டோ கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். நாகலட்சுமி பட்டுப்புடவை கட்டி, வழக்கம் விடாமல் பேசினையும் எடுத்துக்கொண்டாள். எர்னெஸ்டோ மெழுகுவத்தியை ஏற்றினார். நிமிர்ந்து நின்ற பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, ஆடாமல் கார்க்கை எடுத்து, பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் சுடர் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக் கூஜாவில் சாய்த்தார். நூலாக இறங்கியது. மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள்.

தெளிவாக இருந்தது.

கருஞ்சிவப்பெல்லாம் போய், பழைய செங்கல்லின் நிறம். ஓரத்தில் செவ்வந்திப் பூவின் மஞ்சள். அதற்குள்ளே சுடர் தெரிந்தது. சுடருக்குப் பின்னால் நாகலட்சுமியின் மூக்குத்தி தெரிந்தது. ஊற்ற ஊற்ற வாசனை எழும்பி அந்த நிலவறையில் நிறைந்தது. தார், வாடிய ரோஜா, உலர்ந்த பழம், அப்புறம் முதல் மழை நனைத்த மண். கடைசியில் வண்டல் ஒரு கறுப்பு நூலாகக் கழுத்துக்கு வந்ததும் எர்னெஸ்டோ சட்டென்று நிமிர்த்திவிட்டார். ஒரு பொட்டு மண்டியும் உள்ளே விழவில்லை.

அவர் ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின. குடிக்கவில்லை. கோப்பையை உமாபதியிடம் நீட்டினார். "காத்தவர் முதலில்," என்றார்.

உமாபதி வாயில் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் அவர் துவர்ப்பைத்தான் தேடினார். வேறெதைத் தேடத் தெரியும் அவருக்கு? அது இருந்தது. போய்விடவில்லை. ஆனால் அது இப்போது சுருக்கவில்லை, பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. பட்டுத்துணியைப் போல நாக்கின் மேல் விரிந்தது. அதன்மேல் மற்ற எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பழத்தின் இனிப்பு வந்தது. ஒரு மெல்லிய புளிப்பு வந்தது. பெயரில்லாத ஏதோ ஒன்று வந்தது; அதற்கு அறுசுவையில் இடமில்லை. பாட்டிலுக்குள் நுழைந்தபோது செருப்புத் தைக்கிற அளவுக்கு முரடாக இருந்தது இதுதானா! இருட்டில் கிடந்து, தன்னைத் தானே கரைத்து, வேண்டாததைக் கீழே விட்டு, ஐந்து வருஷம் ஒருத்தி பாசத்தில் உலுக்கியதையும் பொறுத்துக்கொண்டு, மறுபடி அமைதியாக உட்கார்ந்து, இப்படி ஆகியிருக்கிறது. இதன் முன்னால் தம் பட்டம், கருவி, குழி, தொட்டி எல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தன. கும்பிட வேண்டும் போலிருந்தது. மலைச்சரிவில் ஒரு பெண் குலையைத் திருகிப் பறித்துக் கூடையில் போடுவதும், வரப்பில் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதும், பார்க்காத அவருக்குப் பார்த்த மாதிரி தெரிந்தது. கண்ணோரம் நனைந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர்?" என்றார் எர்னெஸ்டோ. "உயிரோடு இருக்கிறதா?"

"இருக்கிறாள்," என்றார் உமாபதி.

எர்னெஸ்டோ அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூஜாவை நெஞ்சோடு அணைத்தபடி, மேலே காத்திருந்த மகளைக் கூப்பிட்டுக்கொண்டே படியேறிப் போனார்.

உமாபதி கண்ணைத் திறந்தபோது நாகலட்சுமி இன்னும் மோவாய்க்கு நேரே பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பேசினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பேசினைச் சாய்த்து வெளிச்சத்தில் மறுபடி பார்த்தாள். அது காய்ந்து கிடந்தது.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "துப்பலையா?"

உமாபதி திகைத்துப் போனார். நாக்கைத் துழாவிப் பார்த்தார். வாயில் ஒன்றும் இல்லை. எப்போது உள்ளே போயிற்று? தொண்டையில் இறங்கியது அவருக்குத் தெரியவே இல்லை. பதினான்கு வருஷத்துச் சத்தியம்!

நாகலட்சுமி குனிந்து பேசினைத் தரையில் வைத்தாள். அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். அதன் அடியில் ஒரு மடக்கு மிச்சம் இருந்தது. அதை மூக்கருகில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதத் துப்பியிருந்தீங்கன்னாதான் எனக்குக் கோவம் வந்திருக்கும்," என்றாள்.